வானிலை பார்த்துத் தானே திறந்து மூடும் சொட்டுநீர் வால்வு: எதை நம்பி முடிவெடுப்பது?

உடுமலைத் தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே எங்கள் தோட்டம். மூன்று ஏக்கர் தென்னை, ஒன்றரை ஏக்கர் நேந்திரன் வாழை. ஆழ்குழாய்க் கிணற்று நீரைத் தொட்டியில் தேக்கி, அங்கிருந்து சொட்டுநீருக்கு விடுகிறோம். வால்வுகளைத் தானியங்கியாக மாற்றலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். விற்க வந்தவர் காட்டிய கருவி, சிம் கார்டு வழியாக வானிலை முன்னறிவிப்பை எடுத்துக்கொள்ளும். வெப்பம் கூடினால் நீர் விடும் நேரத்தைக் கூட்டும்; மழை வரும் என்றால் நிறுத்திவிடும். தோட்டத்தில் எந்த உணரியும் புதைக்க வேண்டியதில்லை என்பதைத்தான் பெரிய வசதியாகச் சொன்னார்.

எனக்கு அதுவேதான் உறுத்துகிறது. பக்கத்துத் தோட்டத்தில் இதே வகைக் கருவி ஓடுகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது எங்கள் பகுதியில் வானம் மூடியே இருக்கும், தூறல்கூட விழும், வெயில் தெரியாது. கருவி நீரைக் குறைத்துவிட்டது. ஆனால் முற்பகல் பதினொரு மணிக்கெல்லாம் வாழை இலைகள் நடுநரம்பின் இரு பக்கமும் மடிந்து தொங்கின. கன்றுக்கு அருகில் ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தேன். உருண்டையாக நிற்காமல் உதிர்ந்துபோனது. அந்த நேரத்தில் கைபேசித் திரையில் அந்த வால்வுக்குப் பச்சை நிறம், 'நீர் போதுமானது' என்ற குறிப்பு.

வானிலையைப் பார்த்து நீர் விடுவது நல்ல யோசனைதான் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் எந்த வானிலையை, எங்கே அளந்த வானிலையை என்பதில்தான் குழப்பம். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

காற்றுமானி

உங்கள் கண் பார்த்ததுதான் சரி, நண்பரே. பயிரும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளில் காற்றுக்கு இழக்கும் நீரைத் தீர்மானிப்பவை நான்கு: வெயில், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம். ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் எண் பாசனக் கையேடு, இந்த நான்கும் சேர்ந்த பென்மன்-மான்டித் சமன்பாட்டைத்தான் அடிப்படையாக வைக்கிறது. ஆனால் நான்கையும் அளக்கச் செலவாகும் என்பதால், வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொண்டு ஹார்கிரீவ்ஸ் சமன்பாட்டில் கணக்கிடும் கருவிகள் உண்டு. அந்தச் சமன்பாடு எங்கே தவறும் என்பதையும் அதே கையேடு சொல்கிறது: காற்று வினாடிக்கு 3 மீட்டரைத் தாண்டும் இடங்களில் நீர் இழப்பைக் குறைத்துக் காட்டும், ஈரப்பதம் மிகுந்த இடங்களில் கூட்டிக் காட்டும். உடுமலை, பல்லடம் பக்கம் இத்தனை காற்றாலைகளை நட்டிருப்பதே அந்தக் காற்றுக்காகத்தானே! கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய் வழியாக இந்தப் பக்கம் வரும் தென்மேற்குக் காற்று நிற்காமல் வீசும். இலையைச் சுற்றியுள்ள ஈரத்தை அது துடைத்துக்கொண்டே போகும்.

எண்ணாகப் பார்ப்போம். நேந்திரன் 1.8 மீட்டருக்கு 1.8 மீட்டர் என்றால் ஒரு கன்றுக்கு 3.24 சதுர மீட்டர், ஏக்கருக்குச் சுமார் 1,250 கன்றுகள். நன்றாக வளர்ந்த முதல் ஆண்டு வாழைக்குப் பயிர்க் கெழு 1.1, அதாவது வானிலையை மட்டும் வைத்துக் கணக்கிடும் அடிப்படை நீர் இழப்பைப்போல் 1.1 மடங்கு வேண்டும். அந்த அடிப்படை இழப்பு நாளுக்கு 5 மி.மீ. என்றால் (1 மி.மீ. என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர்) கன்று ஒன்றுக்கு ஏறக்குறைய 18 லிட்டர் தேவை. ஐப்பசியில் மேகமூட்டமும் ஈரக்காற்றும் சேர்ந்து இழப்பு 3 மி.மீட்டராகக் குறைந்தால் 11 லிட்டர் போதும். வறண்ட காற்று வீசி இழப்பு 7 மி.மீ. ஆகும் நாளில் 25 லிட்டர் வேண்டும். மேகம் மூடியிருக்கிறது என்பதால் கருவி 12 லிட்டரோடு நிறுத்தினால் இலை மடியாமல் என்ன செய்யும்?

ஆகவே விற்பவரிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் கணக்கில் காற்றின் வேகம் இருக்கிறதா? இருக்கிறது என்றால், எந்த உயரத்தில் அளந்தது? வானிலை நிலையங்கள் பொதுவாக 10 மீட்டர் உயரத்துக் காற்றைத் தருகின்றன. சமன்பாடு கேட்பது 2 மீட்டர் உயரத்துக் காற்றை. இதைச் சரிசெய்ய ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறைக்க வேண்டும். இதற்குப் பதில் தெரியாதவர் உங்கள் வாழையைக் கவனிக்கப்போவதில்லை.

நீர் நுட்பம்

நான் ஓய்வுபெற்ற வேளாண் பொறியாளன். காற்றுமானி சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது ஊகம்தான் என்பதை மறக்கக் கூடாது. வானத்தைப் பார்த்து எவ்வளவு நீர் போயிருக்கும் என்று அது மதிப்பிடுகிறது. வேரடியில் உண்மையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சொட்டுவான் அடைத்திருந்தால் தெரியாது. அணில் லேட்டரலை (வரிசை நெடுக ஓடும் சொட்டுநீர்க் குழாயை) கடித்து ஒரு வரிசை முழுவதும் நீர் போகாமல் இருந்தால் தெரியாது. மும்முனை மின்சாரம் பாதியில் போய், இரண்டு மணி நேரம் ஓட வேண்டியது முக்கால் மணி நேரத்தில் நின்றுவிட்டாலும், 'விட்டாயிற்று' என்று எழுதிக்கொள்ளும் கருவிகள் இருக்கின்றன.

என் கருத்து இதுதான்: நாளைக்கு எவ்வளவு விடலாம் என்று வானிலை யோசனை சொல்லட்டும், விடலாமா வேண்டாமா என்ற கடைசி வார்த்தை மண்ணுடையதாக இருக்கட்டும். மண்ணில் உணரி இல்லாத தானியங்கியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

டென்சியோமீட்டர் பழைய கருவிதான், ஆனால் நம்பகமானது. நுண்துளைப் பீங்கான் முனையும் நீர் நிரம்பிய குழாயும் மேலே ஒரு வெற்றிட மானியும்தான் அது. மண் காய்ந்தால் முனை வழியாக நீரை உறிஞ்சும், முள் ஏறும். மணற்பாங்கான நிலத்தில் 15 முதல் 25 சென்டிபாருக்குள்ளும் (அந்த உறிஞ்சும் விசையின் அலகு), மணலும் களியும் கலந்த இருமண் நிலத்தில் 30 முதல் 50க்குள்ளும் நீர் விடலாம். 80ஐ நெருங்கினால் குழாய்க்குள் காற்று புகுந்து கருவி வேலை செய்யாது. சொட்டுநீர்த் தோட்டத்தில் அவ்வளவு தூரம் காயவிடவும் கூடாது. இரண்டு வாங்குங்கள். ஒன்று ஓர் அடி ஆழத்தில், மற்றொன்று இரண்டடி ஆழத்தில். சொட்டுவானுக்கு நேர் அடியில் வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். மேல் முள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, கீழ் முள் எப்போதும் பத்துக்குக் கீழேயே கிடந்தால் நீர் வேரைத் தாண்டிப் போகிறது என்று பொருள். உரமும் அதோடு போகிறது.

கோபி மஞ்சள்காடு

ஐயா சொன்ன அந்தக் கடைசி வரிக்காகவே எழுத வந்தேன். வானிலைக் கருவிகளைப் பற்றிப் பேசுபவர்கள் உரத்தை மறந்துவிடுகிறார்கள். எங்கள் மஞ்சள் காட்டில் வெஞ்சுரி (உரக் கரைசலை உறிஞ்சிப் பாசன நீரில் கலக்கும் கருவி) வழியாகத்தான் யூரியாவும் பொட்டாஷும் போகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழை தொடர்ந்து பெய்தால் 'மழை: பாசனம் இரத்து' என்று கருவி நிறுத்திவிடுகிறது. நீர் தேவையில்லை, சரி. ஆனால் கிழங்கு பருக்கும் காலம் அது. அன்றைக்குப் போக வேண்டிய உரமும் சேர்ந்து நின்றுவிடுகிறது. ஒரு வாரம் இப்படிப் போனால் இலை வெளுப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மழை நாளிலும் பத்து, பதினைந்து நிமிடம் உரத்துக்காக மட்டும் வால்வைத் திறக்கும் ஏற்பாடு கருவியில் இருக்கிறதா என்று கேளுங்கள், அண்ணா. எனக்குக் காட்டிய இரண்டு கருவிகளில் ஒன்றில்தான் இருந்தது.

மழையில் நீரை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மஞ்சளுக்கு ஈரம் தேங்கினால் கிழங்கழுகல் வந்துவிடும். அடித்தண்டு நீர் கோத்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். தோண்டினால் கிழங்கு மெத்தென்று இருக்கும். வந்த பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை. மழை பெய்து முடிந்த மறுநாள் காலையில் வழக்கப்படி வால்வு திறந்துகொள்ளும் சாதாரண டைமர்தான் எங்களுக்கு எதிரி. அந்த வகையில் வானிலை அறிந்த கருவி எங்கள் பயிரைக் காக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கருவியின் குறுஞ்செய்திகள் முழுவதும் ஆங்கிலத்தில் வருகின்றன. அவையும் வீட்டு ஆண்களின் கைபேசிக்குத்தான் போகின்றன. காட்டில் நிற்பது நானும் எங்களிடம் வேலை செய்யும் அம்மாவும். வால்வு சிக்கிக்கொண்டது என்ற செய்தி திருப்பூரில் வேலைக்குப் போன தம்பிக்குப் போய் என்ன பயன்? தமிழில், குரல் அழைப்பாக, காட்டில் இருப்பவருக்கு வர வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

கரிசல் நிலம்

நீர் நுட்பம் ஐயா அவர்களுக்கு வணக்கம். மண்ணே கடைசி வார்த்தை சொல்லட்டும் என்கிறீர்கள். எங்கள் கரிசலில் அந்த வார்த்தையையும் அப்படியே நம்ப முடியாது.

கோவில்பட்டிக்கு அருகே உறவினர் மிளகாய்க்குச் சொட்டுநீர் போட்டு, மின்தேக்க வகை உணரி (மண்ணின் மின்தன்மையை வைத்து ஈரத்தைக் கணிப்பது) புதைத்து, அதையே வால்வோடு இணைத்திருந்தார். மாசி வெயிலில் கரிசல் வெடித்தது. வெடிப்பு ஒன்று உணரியை ஒட்டியே ஓடியது. கைவிரல் நுழையும் அகலம். உள்ளே எட்டிப் பார்த்தால் உணரியின் ஒரு பக்கம் மண்ணே இல்லாமல் வெறும் காற்றில் நின்றது. காற்று பட்டால் உணரி 'காய்ந்துவிட்டது' என்றுதானே சொல்லும்? வால்வு திறந்தது. விட்ட நீர் வெடிப்பு வழியாக நேரே கீழே இறங்கியது. உணரி மறுபடியும் 'காய்ந்துவிட்டது' என்றது. மின்சாரம் இருந்த நேரமெல்லாம் ஓடி, தொட்டி காலியாகி, மறுநாள் அந்தப் பகுதியில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கியது. செடிகள் வேரழுகிப் போயின.

கரிசலில் உணரி புதைப்பவர்கள், தோண்டிய மண்ணையே கூழாகக் கரைத்து ஊற்றி, அதற்குள் உணரியை இறக்க வேண்டும். துளை போட்டுச் செருகினால் ஒட்டாது. அதைவிட முக்கியம்: உணரி என்ன சொன்னாலும் ஒரு நாளைக்கு இவ்வளவு நேரத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற உச்சவரம்பு கருவியில் இருக்க வேண்டும்.

நீர் நுட்பம்

கரிசல் நிலம் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். உச்சவரம்பு இல்லாத தானியங்கி ஆபத்தானது. டென்சியோமீட்டரும் வெடிப்பில் தொடர்பு விட்டுப்போகும். அதோடு, காற்றுமானி சொன்ன வானிலைக் கணக்கு இங்கேதான் கைகொடுக்கும். வானிலைப்படி நேற்றைய இழப்பு 5 மி.மீ., விட்டது 6 மி.மீ.; ஆனால் உணரி ஒரேயடியாகக் காய்ந்துவிட்டது என்கிறது என்றால், இரண்டில் ஒன்று பொய். அப்போது கருவி செய்ய வேண்டியது வால்வைத் திறப்பதல்ல, உங்களை அழைப்பது. ஒன்றையொன்று சரிபார்க்கும் கருவியைத்தான் அறிவுள்ள கருவி என்று சொல்வேன்.

காற்றுமானி

முன்னறிவிப்பைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, ஆனால் விற்பனையே அதை வைத்துத்தான் நடக்கிறது. 'நாளை மழைக்கு 60 விழுக்காடு வாய்ப்பு' என்று வந்தால் கருவி இன்று நீரை நிறுத்தலாமா?

வடகிழக்குப் பருவமழையில், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி நகரும்போது இரண்டு மூன்று நாள் முன்னறிவிப்பை ஓரளவு நம்பலாம். மழை பெரிய பரப்பில் பெய்யும். சித்திரை, வைகாசிக் கோடை மழை வேறு கதை. மாலையில் மேகம் திரண்டு ஓர் ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் புழுதி பறக்கும். சாலைக்கு மேற்கே ஓர் உழவு மழை, கிழக்கே ஒரு சொட்டும் இல்லை என்பது நாம் எல்லோரும் பார்த்ததுதான். எந்த முன்னறிவிப்பும் உங்கள் வேலிக்குள் பெய்யுமா என்று சொல்லாது. 

அதனால் காத்திருக்கலாமா என்பதை மழையின் வாய்ப்பு மட்டும் முடிவு செய்யக் கூடாது, மண்ணின் கொள்ளளவும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். மண்ணைக் குதிராக நினைத்துக்கொள்ளுங்கள். இருமண் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்கு எட்டும் நீராகச் சுமார் 150 மி.மீ. வைத்திருக்கும். வாழை வேர் அரை மீட்டர் என்றால் 75. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 26 மி.மீ. வரைதான் வாழை வாடாமல் எடுக்கும். நாளுக்கு 5.5 மி.மீ. செலவு. நிலம் முழுவதும் நனைந்திருந்தால் நான்கு, ஐந்து நாள் தாங்கும். சொட்டுநீர் நிலத்தில் பாதியைத்தான் நனைக்கிறது என்றால் இரண்டு நாள். ஆகவே இருமண்ணில் ஒரு நாள் காத்திருந்து பார்ப்பதில் தவறில்லை. மணற்பாங்கான நிலத்தில் அந்தக் குதிர் பாதிகூட இல்லை. அங்கே 60 விழுக்காட்டை நம்பி ஒரு நாள் நிறுத்தினால், மழை ஏமாற்றிய மாலையில் பயிர் வாடி நிற்கும்.

வந்த மழையை அளப்பது, வரும் மழையை ஊகிப்பதைவிடப் பெரிய பயன். 20 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்கு 80,000 லிட்டருக்கு மேல். அது கணக்கில் ஏறாமல் மறுநாள் வால்வு திறந்தால் அத்தனையும் வீண். 3, 4 மி.மீ. தூறலோ மேல் மண்ணை நனைத்துவிட்டு ஆவியாகிவிடும். அதைக் கணக்கில் சேர்த்து நீரைக் குறைக்கக் கூடாது. இதற்குத் தோட்டத்திலேயே ஒரு மழைமானி வேண்டும். தானாகக் கவிழும் வாளி வகை வைத்தால் மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். எறும்பும் சிலந்தியும் குடியேறிவிடும். அடைத்துப்போன மழைமானி எத்தனை மழை பெய்தாலும் சுழியம் என்றுதான் காட்டும்.

கிணத்துக்கடவு தக்காளி

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் அடிப்படைக் கேள்வியை யாராவது கேட்டாக வேண்டும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். நீரைச் சேமித்தால் என் பையில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. அப்படியிருக்க இவ்வளவு பணம் போட்டுக் கருவி எதற்கு?

இன்னொன்று. எங்கள் பகுதியில் சொட்டுநீர் வந்த பிறகு நிலத்தடி நீர் உயர்ந்ததா? மிச்சமான நீரில் இன்னும் ஓர் ஏக்கர் தக்காளி போட்டோம். அவ்வளவுதான். ஆழ்குழாய்க் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. நுட்பம் வந்தால் நீர் மிச்சமாகும் என்று பேசுபவர்கள் இந்த உண்மையை நேராகப் பார்க்க வேண்டும்.

காற்றுமானி

நீங்கள் சொல்வது உலகம் முழுவதும் நடந்திருக்கிறது, அண்ணா. 2018இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை இதைத்தான் பாசனத் திறனின் முரண்பாடு என்று எழுதியது: வயலில் திறன் கூடும்போது, மொத்தமாக எடுக்கும் நீருக்கு வரம்பு இல்லையென்றால், ஆற்றுக்கும் நிலத்தடிக்கும் திரும்பிப் போகும் நீர் குறையத்தான் செய்கிறது. வாய்க்காலில் கசிந்த நீர் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அதையும் நாம் 'வீண்' என்று பெயரிட்டுச் சேமித்து, அடுத்த ஏக்கருக்கு விட்டுவிடுகிறோம். கருவி மட்டும் நிலத்தடி நீரைக் காக்காது. ஊராகச் சேர்ந்து எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வது வேறு வேலை, அதைவிடக் கடினமான வேலை.

கோபி மஞ்சள்காடு

மின்சாரம் இலவசம் என்பது சரி. ஆனால் அந்த மின்சாரம் நள்ளிரவில் வரும்போது மோட்டார் போட யார் போகிறார்கள்? டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து, கண்ணாடி விரியனை மிதிக்காமல் திரும்பினால் அன்று நல்ல நாள். கைபேசியிலிருந்து மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் இரவுத் தூக்கம் வந்தது. அதற்கு வேளாண் பொறியியல் துறையில் மானியமும் உண்டு. ரூபாயில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள், அண்ணா. உரம் வேருக்குக் கீழே ஓடாமல் நிற்பதும் காசுதான்; கிழங்கு அழுகாமல் இருப்பதும் காசுதான்.

கிணத்துக்கடவு தக்காளி

இரவுப் பிரச்சினையை நான் மறுக்கவில்லை, சகோதரி. ஸ்டார்ட்டர் என்னிடமும் இருக்கிறது, அது இல்லாமல் முடியாது. என் கேள்வி வானிலைக் கருவியைப் பற்றியது. குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறேன். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் நூறு விழுக்காடு மானியத்தில் கிடைக்கிறது, மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. ஆனால் சிட்டாவும் அடங்கலும் யார் பெயரில் இருக்கின்றன? அடுத்த ஆண்டு இந்த நிலம் என்னிடம் இருக்குமா என்றே தெரியாதபோது மண்ணுக்குள் எதைப் புதைப்பது? குத்தகைக்காரன் கழற்றிக்கொண்டு போகக்கூடிய கருவியாக இருந்தால் சொல்லுங்கள்.

நீர் நுட்பம்

நியாயமான கேள்வி. உங்களுக்குப் புதைக்கும் கருவியே வேண்டாம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி இருக்கிறது. இரண்டு கம்பிகளை வேர் மண்டலத்தில் குத்தினால் நிற விளக்கு எரியும். நீலம் என்றால் ஈரம் மிகுதி; பச்சை என்றால் போதுமானது; ஆரஞ்சு என்றால் நீர் விடும் நேரம்; சிவப்பு என்றால் உடனே விடுங்கள். கரும்புக்காகச் செய்தது என்றாலும் மற்றப் பயிர்களுக்கும் பயன்படும். கையில் எடுத்துக்கொண்டு எந்த நிலத்துக்கும் போகலாம். அதோடு செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கையைப் படியுங்கள். 'மேக்தூத்' செயலியில் தமிழிலேயே கிடைக்கிறது. கருவி வால்வைத் திறக்காது, நீங்கள்தான் திறக்க வேண்டும். ஆனால் முடிவு வானத்தையும் மண்ணையும் பார்த்து எடுத்ததாக இருக்கும்.

உப்பாற்றுக் கரை

எல்லோரும் 'மழை வந்தால் நிறுத்து' என்பதைக் கேள்வியின்றி ஒப்புக்கொண்டதால் எழுதுகிறேன். தாராபுரம் பக்கம் எங்கள் கிணற்று நீர் உப்பு. உப்பு நீரைச் சொட்டுநீரில் விட்டால், நனைந்த வட்டத்தின் ஓரத்தில் உப்பு ஒதுங்கி நிற்கும். கோடையில் பார்த்தால் சொட்டுவானைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். வளையத்துக்கு உள்ளே வேர் பத்திரமாக இருக்கும். லேசான மழை பெய்யும்போது அந்த வளையத்து உப்பு கரைந்து உள்நோக்கி வேருக்கு வரும். அந்த நேரத்தில் சொட்டுநீரை நிறுத்தினால் உப்பைத் தள்ளுவதற்கு ஆள் இல்லை. தென்னை தாங்கிக்கொள்ளும், எலுமிச்சைக் கன்றுகளில் இலை நுனி கருகிவிடும். ஆகவே உப்பு நீர்க்காரர்கள் தூறலிலும் லேசான மழையிலும் சொட்டுநீரை ஓட விட வேண்டும். உப்பை ஆழத்துக்குக் கொண்டுபோகும் அளவுக்குக் கனமழை பெய்த பிறகுதான் நிறுத்த வேண்டும்.

மழை என்றதும் நிறுத்துவதாகவே எழுதப்பட்ட கருவி எங்கள் ஊருக்கு உதவாது. மின்தேக்க உணரியும் உப்பில் ஈரத்தைக் கூட்டிக் காட்டும். உங்கள் நீரின் உப்பு அளவைப் பார்த்துவிட்டுக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

உடுமலைத் தோட்டம்

இது எனக்குப் புதிய செய்தி, மிக்க நன்றி. எங்கள் ஆழ்குழாய் நீரும் கோடையில் சற்று உவர்ப்புத்தான். மண்பரிசோதனை நிலையத்தில் நீரைக் கொடுத்துப் பார்க்கிறேன்.

டெல்டா நெல்

தோட்டக்கால் நண்பர்களே, நெல்லையும் நினைவில் வையுங்கள். எங்களுக்குச் சொட்டுநீர் இல்லை. மேட்டூர் திறப்பதும் முறை வைப்பதும்தான் பாசனம். அங்கேயும் மழையைப் பார்த்து நீர் விட வழி இருக்கிறது. ஓர் அடி நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு வயலில் புதைக்கிறோம். அதற்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகுதான் அடுத்த பாய்ச்சல். இடையில் மழை பெய்தால் மட்டம் தானே ஏறிவிடும், மடையைத் திறக்க வேண்டியதில்லை. பூக்கும் பருவத்தில் மட்டும் இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் கூடாது. நீர் நிற்க வேண்டும். மின்சாரமும் சிம்மும் இல்லாத இந்தக் குழாய்க்கும் மழைக்கு ஏற்ப நடந்துகொள்ளத் தெரியும்.

காற்றுமானி

கலிபோர்னியாவில் 1982 முதல் அரசே பயிர்நிலங்களில் வானிலை நிலையங்கள் வைத்து, நான்கு அளவுகளையும் சேர்த்து அன்றாட நீர் இழப்பை இலவசமாக வெளியிடுகிறது. இப்போது 145க்கும் மேற்பட்ட நிலையங்கள். அங்கே தனியார் கருவிகள் அந்தப் பொது எண்ணை எடுத்துப் பயன்படுத்த முடிகிறது. இங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டார அளவில் தானியங்கி நிலையங்களை அமைத்திருக்கிறது. அவற்றின் எண்கள் ஒவ்வொரு நாளும் காலையில் விவசாயியின் கைபேசிக்கு 'நேற்று உங்கள் வட்டாரத்தில் இழப்பு இத்தனை மி.மீ.' என்று ஒரே வரியாக வந்தால், இந்த இழையில் பேசிய பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இதைக் கேட்டுப் பெற வேண்டியது நாம்தான்.

உடுமலைத் தோட்டம்

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. நான் எடுத்திருக்கும் முடிவு: முன்னறிவிப்பை மட்டும் நம்பும் அந்தக் கருவியை வாங்கவில்லை. முதலில் மழைமானியும் இரண்டு டென்சியோமீட்டர்களும். இந்த ஆனி, ஆடிக் காற்றுக் காலம் முழுவதும் நானே கையால் வால்வைத் திறந்து, முள் எங்கே நிற்கும்போது இலை மடிகிறது என்று எழுதிவைக்கப் போகிறேன். அந்த எண் தெரிந்த பிறகு கருவி. அது வாழைக்கு மட்டும். தென்னைக்கு இப்போதைய ஏற்பாடே போதும் என்று நினைக்கிறேன். ஐயா, வால்வைப் பற்றி ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நீர் நுட்பம்

தென்னையைப் பற்றிய உங்கள் முடிவு சரி. வாழையைவிட ஆழமான வேர், மெதுவாகத்தான் வாடும். ஆனால் காற்றுக் காலத்தில் அதற்கும் நேரத்தைச் சற்றுக் கூட்டுங்கள்.

சொலினாய்டு வால்வை (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வை) கட்டாயம் ஃபில்ட்டருக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும். உள்ளே உள்ள ரப்பர்த் தகட்டின் சிறு துளையில் ஒரு மணல் பரல் சிக்கினால் வால்வு மூடாது, கருவியோ மூடிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் கையால் திறக்கும் பைபாஸ் ஒன்று போடுங்கள். நீர்மானியை அதே பாதையில் பொருத்தினால், வால்வு மூடிய பிறகும் நீர் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். மோட்டாருக்கு வறண்ட ஓட்டப் பாதுகாப்பு (நீரின்றி ஓடினால் தானே நிறுத்தும் ஏற்பாடு) இல்லாமல் தானியங்கியை இணைக்கவே கூடாது. வயர்களை எலி கடிக்கும். குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள்.

டென்சியோமீட்டரைப் புதைக்கும் முன், கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் பீங்கான் முனையை ஓர் இரவு முழுவதும் ஊறவையுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் நுண்துளைகளில் காற்று தங்கி முள் சோம்பலாக ஏறும்.

கோபி மஞ்சள்காடு

ஐயா, எங்கள் குழுவில் டென்சியோமீட்டர் வாங்க ஆறேழு பேர் தயாராக இருக்கிறார்கள். பொருத்துவதை நேரில் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும். மஞ்சள் நடவு வைகாசியில் முடிந்துவிடும்; முளை வந்து பாத்தி தெரிந்த பிறகு ஒரு நாள் சொல்லுங்கள்.

நீர் நுட்பம்

வருகிறேன், அம்மா. ஆனி முதல் வாரம் வைத்துக்கொள்ளலாம். ஒரு மண்வெட்டியும் அரை அங்குல இரும்புக் குழாயும் இருந்தால் போதும். கருவிகளை மட்டும் முதல் நாளே நீரில் போட்டுவிடுங்கள்.